எருவுக்குச் சொந்தக்காரர் யார்?

கேள்வி: எங்கள் கீரைப் பாத்திக்கு மேலே கோழிப் பண்ணை. மழை பெய்தாலே கறுப்புத் தண்ணீர் இறங்குகிறது. பண்ணைக்காரரைக் கேட்டால், "மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்குத்தானே வரும் லா" என்கிறார்.
(வாசகர், உலு லங்காட்)

பதில்: தண்ணீர் வரட்டும், அவருடைய எரு ஏன் கூடவே வர வேண்டும்? 1868-இல் ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர் வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை சொன்ன நெறி இது: வெளியேறினால் கேடு செய்யும் பொருளை இயல்புக்கு மீறித் தன் நிலத்தில் சேர்த்து வைப்பவரே அதற்குப் பொறுப்பு. நம் மலேசிய நீதிமன்றங்களும் இதைப் பின்பற்றி வந்திருக்கின்றன. வழக்குப் போட 6 ஆண்டு கெடு.

கேள்வி: முப்பது வருடப் பழக்கம். புகார் கொடுக்க மனசு வரவில்லையே?
(வாசகி, பந்திங்)

பதில்: முதலில் உட்கார்ந்து பேசுங்கள். திறந்த எருக்குவியல்மேல் மழை விழுவதுதான் வினை. கூரை, சுற்றிலும் வரப்பு, மழைநீருக்குத் தனிக் கால்வாய், இந்த மூன்றையும் கேளுங்கள். ஆனால் பேசப் போகுமுன் படம் எடுத்துவிடுங்கள்: பண்ணைக்கு மேலே ஓடும் தெளிந்த நீர், வேலியைத் தாண்டும் இடம், உங்கள் பாத்தி. தேதி, நேரம் குறித்து வையுங்கள். வெயிலடித்த பிறகு வரும் அதிகாரிக்குக் காய்ந்த மண்தான் தெரியும். பண்ணைக்காரர் அசையவில்லையா? சுற்றுச்சூழல் துறை, ஆறென்றால் சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியமான லுவாஸ், சாலையோரக் கால்வாயென்றால் ஊராட்சி மன்றம், எல்லாருக்கும் ஒரே நாளில் எழுதுங்கள். புகார் எண் வாங்காமல் திரும்பாதீர்கள்.

கேள்வி: கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் போதாதா?

பதில்: போதாது. கிருமி சாகும், எருவால் சேரும் நைட்ரேட் சாகாது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடும். உலகச் சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டினால் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கத் திணறும். சோதனை முடியும்வரை அந்தத் தண்ணீரில் பால்மாவு கலக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

கேள்வி: செம்பனை ஆலைகளைச் சட்டம் அசைக்குமா?
(வாசகர், கிள்ளான்)

பதில்: அசைத்திருக்கிறது. ஆலைக் கழிவுநீரின் பி.ஓ.டி., அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் பிராணவாயு, லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். 1978-இல் வெளியேற்ற வரம்பு 5,000, 1984-இல் 100. ஆலைகள் குளம் வெட்டிச் சுத்திகரிக்கக் கற்றுக்கொண்டன.

கேள்வி: பிரிக்பீல்ட்ஸ்வாசிகளான எங்களுக்கு இதில் என்ன?

பதில்: லங்காட் ஆற்றில் அமோனியா ஏறியதால் சுத்திகரிப்பு நிலையங்கள் பலமுறை மூடப்பட்டிருக்கின்றன. அமோனியா குளோரினைத் தின்றுவிடும். பிறகு கிருமியைக் கொல்ல எது மிஞ்சும்? கோழி எருவிலிருந்து கசிவதும் அமோனியாதான். உலு லங்காட் வாசகர் கொடுக்கும் புகார் கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்களுக்கும் சேர்த்துத்தான்.