மழைக்கு ஒரு கட்டம்

பால்மரத்துக்கும் பஞ்சாங்கத்துக்கும் எப்போதுமே ஆகாது. நெகிரி செம்பிலானில் அக்டோபர், நவம்பர் என்றால் கொட்டித் தீர்க்கும். மரம் நனைந்தால் வெட்ட முடியாது. மீறி வெட்டினாலும் பால் கோட்டில் நிற்காமல் பட்டையெல்லாம் வழிந்து தண்ணீரோடு போய்விடும். வெட்டு இல்லை என்றால் நாள்கூலி இல்லை. சரியாக அந்த வாரங்களைப் பார்த்துத்தான் தீபாவளி வரும். நரகாசுரனை வதைத்த கையோடு கிருஷ்ணர் எங்கள் தோட்டத்துப் பக்கம் ஒரு நடை வந்திருந்தால், பண்டிகையை ஜூலைக்கு மாற்றிவிட்டுப் போயிருப்பார்.

வரவை முதலில் எழுது, செலவை அதற்குள் அடக்கு என்று பத்திரிகைகள் வருஷந்தோறும் புத்தி சொல்கின்றன. லிங்கி பக்கத்துத் தோட்டத்தில் லயத்து வீட்டில் குடும்பம் நடத்திய அம்மாவுக்கு இந்தப் புத்தி எடுபடவில்லை. வரவு வானத்தின் கையில் இருந்தது. வானம் யாருக்கும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆகவே அம்மா செலவில் தொடங்குவார், கடனில் முடிப்பார். நடுவில் யோசிக்க வேண்டியது ஒன்றுதான்: யாரிடம், எவ்வளவு, எதுவரைக்கும்?

மளிகைக்குச் சீனர் கடை. வீட்டுக்கு ஒரு 555 கடன் புத்தகம், சட்டைப்பையில் அடங்குகிற அளவு. கடைக்காரத் தவுக்கே அதில் சீனத்தில் எழுதுவார். அம்மா அடுப்படிச் சுவரில் கரிக்கோடு போடுவார். இருவருக்கும் பொதுவான எழுத்து கிடையாது. ஆனால் மாசக் கடைசியில் கணக்கு ஒரு காசு பிசகாது. பிசகினால் சண்டை போட மலாய் இருந்தது.

துணிக்கு, சைக்கிளில் மூட்டை கட்டிவரும் பஞ்சாபிக்காரர். தோட்டத்தில் அவரை வங்காளி என்றுதான் சொல்வோம். அவரும் கோபித்துக்கொண்டதில்லை, வசூலில்தான் கறார். தைப்பூசத்துக்குள் என் சட்டை கிழிந்துவிடும், தவணை கிழியாது.

இவை இரண்டும் போதாத இடத்தில் கூட்டு. பத்துப் பெண்கள் சேர்ந்து மாசம் ஐம்பது வெள்ளி போட்டால், ஒவ்வொரு மாசமும் ஒருத்திக்கு ஐந்நூறு. பத்துப் பேரும் தீபாவளி மாசத்தையே கேட்பார்கள் என்பதுதான் இதில் உள்ள ஒரே சிக்கல். கூட்டுக்குத் தலை அம்மா என்பதால் அந்தச் சிக்கல் சீக்கிரம் தீர்ந்துவிடும்: அக்டோபர் தலைக்கு. கூட்டைத் தொழிலாக நடத்துவது 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று பெரியவனானதும் அம்மாவிடம் எடுத்துச் சொன்னேன். "நான் எங்கடா தொழில் பண்றேன்? நாலு பேருக்குத் தர்மம் பண்றேன்" என்றார். சட்டத்தில் அதற்குப் பதில் இல்லை.

இப்போது தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளி என்று தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது. நாங்களும் சிரம்பானுக்குக் குடிவந்து, மாசச் சம்பளக்காரர்களாகி, மரியாதைக்குரிய கடன்காரர்கள் ஆகிவிட்டோம். வீட்டுக் கணக்கு என் மனைவியின் எக்செலில் இருக்கிறது. முறுக்கு மாவுக்கு ஒரு கட்டம், ஆட்டிறைச்சிக்கு ஒரு கட்டம், அங்பாவுக்கு ஒரு கட்டம், 'இதர' என்று ஒரு கட்டம். மற்ற கட்டங்களில் மிச்சமானதையெல்லாம் இந்த 'இதர' விழுங்கிவிடும்.

அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "எல்லாம் இருக்கும்மா. மழைக்கு எங்க கட்டம்?"

"அத்தை, மழை பேஞ்சாலும் எனக்குச் சம்பளம் வரும்."

"சம்பளம் வருது. ஷாப்பிக்காரனும் வர்றானே!"

அம்மா சொன்னதில் விஷயம் இருந்தது. 10.10, 11.11, 12.12 என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லாத இணையத் தள்ளுபடிப் பண்டிகைகள் வரிசைகட்டி வருகின்றன. 2023-இல் தீபாவளி நவம்பர் 12. அதற்கு முதல் நாள் 11.11. அன்று அம்மா முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். மனைவி பாதி விலையில் முறுக்கு பிழியும் இயந்திரம் வாங்கிக்கொண்டிருந்தார். அது வந்து சேர்ந்தபோது முறுக்கு டின் காலி.

அரசாங்கமும் சும்மா இருப்பதில்லை. தீபாவளிக்குத் தீபாவளி தக்காளி, சின்ன வெங்காயம், தேங்காய், இறக்குமதி ஆட்டிறைச்சி ஆகியவற்றுக்கு உச்சவரம்பு விலை அறிவிக்கிறார்கள். பட்டியலை வாசித்துக் காட்டினேன். "சாமானுக்கு வரம்பு போட்டுட்டாங்க, சரி. கூடையைத் தூக்கிக்கிட்டுப் போற ஆளுக்கு யாரு போடுறது?" என்று கேட்ட அம்மா என்னைப் பார்க்கவில்லை, மருமகளையும் பார்க்கவில்லை. பொதுவாக விசிறியைப் பார்த்தார்.

எக்செலுக்கு அடங்காத இன்னொன்று, திறந்த இல்ல உபசரிப்பு. இருபது பேரை அழைத்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று கணிதம் சொல்லாது. அலுவலகத்து மலாய் நண்பர்கள் குடும்பத்தோடு வருவார்கள், பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி பேரப்பிள்ளைகளோடு வருவார். பிள்ளைகள் அங்பாவை வாங்கிய கையோடு வாசலுக்குப் போய் வெயிலில் தூக்கிப் பிடித்து உள்ளே எத்தனை வெள்ளி என்று பார்ப்பார்கள். இரண்டா ஐந்தா என்பது ஐந்தே நிமிஷத்தில் தாமான் முழுக்கத் தெரிந்துவிடும். மனைவி அங்பாவைச் செலவில் எழுதுகிறார். அம்மாவின் கணக்கோ வேறு: "நம்ம புள்ளைங்களும் நாலு வீட்டுக்குப் போகும்ல? அதை வரவுல எழுது." போன தீபாவளியில் எங்கள் வீட்டு எக்செலில் மிச்சம் காட்டிய ஒரே வரி அதுதான்.

அதற்குப் பிறகு மனைவி மெல்ல, அம்மா இன்னும் விடாத கூட்டில் சேர்ந்தார். பேர்ப்பட்டியலை எக்செலில் ஏற்றி, மாசத்துக்கு ஒரு நிறம் கொடுத்து, அக்டோபரைத் தனக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஆசையோடு திறந்து பார்த்தார். அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே அம்மாவின் பேர் இருந்தது. மாற்றப் போனால் கடவுச்சொல் கேட்டது. பேரன் பூட்டிக் கொடுத்திருக்கிறான். கூலி, ஒரு அங்பாவ்.