அட்டைக்கு வந்த ராஜமரியாதை

கடலே இல்லாத ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனுக்குக் கடல் அட்டையைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். இருக்கிறது. எங்கள் மலையில் கிளைக்குக் கிளை தாவும் சாம்பல் நிற அணிலும், மன்னார் வளைகுடா மணலில் புதைந்து கிடக்கும் அட்டையும் ஒரே வீட்டு மாப்பிள்ளைகள். வீட்டின் பெயர் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 2001-ல் அட்டை இனம் மொத்தத்தையும் புலி உட்கார்ந்திருந்த முதல் பட்டியலிலேயே உட்கார வைத்தார்கள். அட்டைக்கு இதைவிடப் பெரிய மரியாதை சீனத்து விருந்தில்கூடக் கிடைத்திருக்காது.

ஆனால் மாப்பிள்ளைகளுக்குள் ஓரவஞ்சனை. அணிலுக்கு 1988-ல் சரணாலயம் வந்தது. 2021-ல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாகவும் ஆனது. புலிக்குக் காட்டில் கேமரா கட்டி வரியை வைத்து எண்ணுகிறார்கள். அட்டையையும் எண்ணாமல் இல்லை. பிடிபட்ட பிறகு எண்ணுகிறார்கள், அதுவும் கிலோவில்!

ராஜபாளையத்து டீக்கடையில் பேப்பரை விரித்தால் ஒரு படம் அடிக்கடி கண்ணில் படும். முன்னால் சாக்கு மூட்டை. அதற்கு முன் வரிசையாக அடுக்கிய கருத்த அட்டை. குடலை எடுத்து, அண்டாவில் வேகவைத்து, மணலில் புதைத்து, மேல்தோலைத் தேய்த்து, மறுபடி அவித்துக் காயப்போட்ட சரக்கு. பின்னால் விறைப்பாக அதிகாரிகள். ஓரத்தில் துண்டால் முகத்தை மூடிக் குத்தவைத்திருக்கும் ஒருவன். முதல் பட்டியல் உயிரைத் தொட்டால் குறைந்தது மூன்று ஆண்டு, கூடினால் ஏழு ஆண்டு சிறை. மூச்சடக்கி முக்குளித்தவனுக்கு அது. சரக்கை வாங்கிக் கடல் கடத்தி ஹாங்காங் வரை சேர்த்து வைக்கும் பெரிய மனிதர் எந்தப் படத்திலும் குத்தவைத்து நான் பார்த்ததில்லை. அவருக்கு முழங்கால் வலியோ என்னவோ.

தடையே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடலின் மண்புழு அது; மணலைத் தின்று, அதிலுள்ள கழிவைச் செரித்து, சுத்தமாக்கி வெளியே விடுகிறது. முட்டையையும் விந்தையும் தண்ணீரில்தான் விடும். பக்கத்தில் துணை இல்லையென்றால் சேராது, வம்சம் அற்றுப்போகும். அந்த நிலை வரும் அளவுக்குத்தான் அள்ளித் தீர்த்தார்கள். சரி, கொஞ்ச காலம் கையைக் கட்டுங்கள். கட்டிய கையைக் கால் நூற்றாண்டாக அவிழ்க்கவும் இல்லை, அந்தக் கைக்கு வேறு வேலை கொடுக்கவும் இல்லை. இதற்குப் பெயர் மேலாண்மையாம்.

விசைப்படகின் இழுவைமடி கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகிறதே, அதில் சிக்குவதும் அதே அட்டைதான். விசைப்படகு கரையை ஒட்டி வரக்கூடாது என்று 1983-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்துக்கு மட்டும் ஏனோ தூக்கம் அதிகம்.

வயிற்றெரிச்சல் இன்னும் இருக்கிறது. எங்கள் அணிலுக்குச் சரணாலயம் கிடைத்த அதே 1988-ல், தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வெள்ளை அட்டைக் குஞ்சைப் பொரிக்க வைத்துக் காட்டினார்கள். வித்தை நம்முடையது. இன்று மடகாஸ்கர் கடலோரக் கிராமத்தார் வளர்த்து விற்கிறார்கள். யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் பண்ணைகள். (அங்கும் சொர்க்கம் இல்லை, கௌதாரிமுனையில் 2021-ல் சீனப் பண்ணை வந்தபோது தமிழ் மீனவர்கள் கொதித்ததை மறக்கவில்லை.) ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் கடலைக் கட்டம் பிரித்து, முறை வைத்து எடுக்கிறார்கள். நம் ஊரில் குஞ்சு பொரித்த வித்தை காகிதத்தில். அட்டை வழக்குக் கட்டில்.

இலங்கையில் உரிமத்தோடு எடுக்கலாம், இங்கே எடுத்தால் குற்றம். நடுவில் ஒரு இரவுப் படகு தூரம். கடத்தல்காரனுக்கு இதைவிட நல்ல சட்டத்தை அவனே எழுதியிருக்க முடியாது.

அரசு முத்திரையில் இருப்பது எங்கள் ஆண்டாள் கோயில் கோபுரம் என்றுதான் ஊரே மார்தட்டுகிறது. அந்த உரிமையில் ஐயாமார்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை மூட்டைக்குப் பின்னால் நின்று படம் எடுக்குமுன், பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் உயிரோடு மிஞ்சியது எத்தனை என்று எண்ணுங்கள். அந்த முத்திரையைக் குத்தி, கணக்கைத் தமிழில் எழுதி, பாம்பனிலும் பெரியபட்டினத்திலும் சுவரில் ஒட்டுங்கள். எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது, யார் வளர்க்கலாம் என்பதை முக்குளிப்பவனை எதிரே உட்காரவைத்துப் பேசுங்கள். குத்தவைத்து அல்ல, நாற்காலியில்.