நரிக்குப் போட்ட வேலி

நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணை பார்த்தவர்களுக்கு இறையாண்மையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. சுற்றிலும் கம்பி வேலி. எதற்கென்று கேட்டால் நரி வரும், கீரி வரும், திருடன் வருவான் என்பார் பண்ணைக்காரர். வரும்தான். வேலிக்குள் கொட்டகை, கொட்டகைக்குள் கூண்டு, கூண்டுக்குள் இறக்கை விரிக்க இடமில்லாத கோழிகள். அந்நியன் எங்கள் பண்ணைக்குள் கால் வைக்க முடியாது என்று அவை கொக்கரித்துக்கொள்ளலாம். முட்டை மட்டும் தினம் உருண்டு வெளியே போய்விடும்.

இந்தப் பண்ணைத் தத்துவத்துக்கு உலகப் புகழ் சேர்த்தவர்களில் ஒருவர் செக் நாட்டின் வாட்ஸ்லாவ் கிளாவுஸ். கம்யூனிச ஆட்சி விழுந்தபின் நிதியமைச்சர், பிரதமர், 2003 முதல் பத்தாண்டு ஜனாதிபதி. தேச இறையாண்மை போனால் தனிமனித சுதந்திரமும் போகும், ஐரோப்பிய ஒன்றியம் இரண்டையும் விழுங்கிவிடும் என்று முழங்கினார். லிஸ்பன் ஒப்பந்தத்தில் 27 நாடுகளில் கடைசியாக, 2009 நவம்பர் 3ஆம் தேதி, வேண்டா வெறுப்பாகக் கையெழுத்துப் போட்டார். அதே மனிதர் 2006இல் ஒருபால் இணையர்கள் தங்கள் உறவைப் பதிவுசெய்ய வழிசெய்யும் சட்டம் மேசைக்கு வந்ததும் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் அவரை மீறித்தான் நிறைவேற்றியது. பிரஸ்ஸல்ஸ்காரன் செக் நாட்டுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. ஜனாதிபதி படுக்கையறைக்குள் எட்டிப் பார்க்கலாம்.

சிரிக்க அவசரப்பட வேண்டாம். நம்மூர்ச் சரக்கு இதைவிடப் பழையது, முறுக்கும் அதிகம்.

ராஜாஜி சேலத்து வக்கீல், சேலம் நகராட்சித் தலைவர், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் கண்டவர். ராசிபுரத்துக்காரரான வரதராஜுலு நாயுடு மேல் 1918இல் வெள்ளைக்காரன் ராஜதுரோக வழக்குப் போட்டபோது, அவருக்காக வாதாடிய கறுப்புக் கோட்டு இவருடையது. பேசிய குற்றத்துக்காக ஒருவனை உள்ளே தள்ளும் சட்டம் எப்படிப்பட்டது என்பதை இவரைவிட நெருங்கிப் பார்த்தவர் அன்றைக்குச் சேலத்தில் யார்?

1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அக்டோபர் 1ஆம் தேதி, மாகாணத்தில் எங்குமில்லாத மதுவிலக்கு முதலில் சேலம் ஜில்லாவுக்கு வந்தது. ஒருவன் என்ன குடிக்கலாம் என்பது முடிவாயிற்று. அடுத்து அவன் பிள்ளை பள்ளியில் என்ன படிக்க வேண்டும் என்பது: இந்தி. எதிர்த்தவர்கள் மேல் பாய்ந்தது, சட்டமறுப்பை நசுக்க வெள்ளைக்காரன் 1932இல் கொண்டுவந்த அதே குற்றவியல் திருத்தச் சட்டம். காங்கிரஸ்காரர்களை வேட்டையாடிய நாயைக் காங்கிரஸ் ஆட்சியே சோறு போட்டு வளர்த்தது. ஆயிரம் பேருக்கு மேல் சிறை போனார்கள். நடராசனும் தாளமுத்துவும் உயிரோடு திரும்பவில்லை.

பிறகு குடியரசு வந்தது. இறையாண்மை, சுதந்திரம், எல்லாம் அரசமைப்புச் சட்டத்தின் முகப்பிலேயே கொட்டை எழுத்தில். பதினாறே நாள் கழித்து, 1950 பிப்ரவரி 11ஆம் தேதி, சேலம் மத்திய சிறைக்குள் துப்பாக்கிச் சூடு. செத்தவர்கள் 22 பேர், கம்யூனிஸ்ட் கைதிகள், பெரும்பாலோர் மலபார்க்காரர்கள். அரசியல் கைதிகளாக நடத்தச் சொன்னவர்கள் பூட்டின கொட்டடிக்குள் செத்தார்கள். ஓடித் தப்பவும் வழியில்லாத இடத்தில் சுடுவதற்கு என்ன வீரம் வேண்டும்? அவர்கள் சொர்க்கமென நம்பிய ரஷ்யாவிலும் முகாம் முகாமாகக் கைதிகள் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் சேலத்தில் சுட்டது ஸ்டாலின் இல்லையே.

அந்த மாதமே தடுப்புக் காவல் சட்டம் நிறைவேறியது. மார்ச் 1ஆம் தேதி, ரொமேஷ் தாப்பரின் 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகை சென்னை மாகாணத்துக்குள் நுழையத் தடை. தடை செல்லாது என்று மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்புப் பிடிக்காவிட்டால் என்ன செய்வது? அரசமைப்பையே திருத்தினார்கள், 1951 ஜூனில்.

சிறையில் சுட்ட பாவத்தை ராஜாஜி தலையில் எழுத மாட்டேன். அப்போது அவர் மாகாண ஆட்சியில் இல்லை. அடுத்து வந்தது அவர் கணக்கு. 1951இல் அவர்தான் இந்தியாவின் உள்துறை அமைச்சர். ஓராண்டில் காலாவதியாக வேண்டிய தடுப்புக் காவல் சட்டத்துக்கு உயிர்நீட்டிப்புக் கேட்டு நாடாளுமன்றத்தில் நின்றவர், ராஜதுரோக வழக்கில் வாதாடிய நம் சேலத்து வக்கீல். ஒரு வருஷத்துக்கென வந்த விருந்தாளி 1969 கடைசிவரை திண்ணையைவிட்டு இறங்கவில்லை. 1952இல் முதலமைச்சரானதும் கம்யூனிஸ்டுகளே தன் முதல் எதிரி என்று அறிவித்தார். அந்த நாற்காலிக்கும் அவர் தேர்தலில் நின்று வரவில்லை. மேலவை நியமனம் வழியாக வந்தார்.

1959இல் அவர் தொடங்கிய கட்சியின் பெயர் என்ன தெரியுமா? சுதந்திராக் கட்சி! லைசன்ஸ், பர்மிட், கோட்டா ராஜ்யம் மனிதனை நெரிக்கிறதாம். நெரித்தது, மறுக்கவில்லை. ஆலை முதலாளிக்குக் கழுத்து வலித்ததும் அவருக்குக் காது கேட்டது. சேலம் ஜெயில் கைதிக்கும் கழுத்து என்று ஒன்று இருந்ததே.

அவர் போய்ச் சேர்ந்தார், சட்டங்கள் வாரிசுகளைப் பெற்றன. சாராய வியாபாரிகளையும் குண்டர்களையும் பிடிக்கவென்று தமிழ்நாடு 1982இல் கொண்டுவந்த சட்டம், 2017இல் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த ஒரு மாணவி மேல் பாய்ந்தது. காகிதத்தில் என்ன போதை ஏறியதோ! உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே அது விலகியது. மறு வருஷம் சென்னை-சேலம் எட்டுவழிச் சாலைக்கு அளவுக்கல் நட வந்தவர்களுக்குப் போலீஸ் காவல். காட்டுக்குச் சொந்தக்காரர் வரப்பில் நின்று அழுதார். மண் தேசத்துடையதாம். பட்டா, வரி, கடன் மட்டும் அவருடையது.

2024 ஜூலை முதல் ராஜதுரோகப் பிரிவு இல்லை, காலனி அடிமைச் சின்னம் ஒழிந்தது என்று டெல்லி மார்தட்டுகிறது. அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா 152: இந்தியாவின் இறையாண்மைக்கு ஆபத்து விளைவித்தால், சொல்லாலோ எழுத்தாலோ ஆனாலும், ஆயுள் வரை சிறை. ராஜா போய்விட்டார், துரோகம் அப்படியே இருக்கிறது.

நாளைக்கு ராசிபுரத்தில் எவனாவது வாயைத் திறந்து இந்தப் பிரிவில் மாட்டினால், சேலம் கோர்ட்டு வாசலில் நல்ல வக்கீலாகப் பார்த்துச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளட்டும். அவர் உள்துறை அமைச்சராவதற்குள்.