ஸ்டியரிங் பிடித்தவனுக்குப் பூநாரை இல்லை

கலகெதரையில் குடியிருப்பவன் வனவிலங்கு பார்க்க எங்கேயும் போகத் தேவையில்லை. குரங்குகள் தாமாகவே வந்து எங்களைப் பார்த்துவிட்டு, போகும்போது ஆளுக்கொரு தேங்காயும் கொண்டு போகும். காட்டுப் பன்றி இரவில் வந்து மரவள்ளிக் கிழங்கின் சுகம் விசாரிக்கும். ஆகவே, "சஃபாரி போவோமா?" என்று நான் கேட்டதும் என் மனைவி, "கொல்லைக் கதவைத் திறங்க, போதும்" என்றாள்.

ஆனால் எனக்கு ஓர் ஆசை. ஜீப்காரரை நம்பாமல், சொந்தக் காரை நானே ஓட்டிக்கொண்டு போய்ப் பறவை பார்க்க வேண்டும். ஆசைக்கு இயற்கை நேசம் பாதிக் காரணம், ஜீப் வாடகை மீதிக் காரணம்.

முதலில் நினைத்தது புந்தலவை. 1990இல் இலங்கையின் முதல் ராம்சார் ஈரநிலமானது அதுதான். 1993 முதல் தேசியப் பூங்கா. தேசியப் பூங்கா என்றால் டிக்கட் உண்டு. உள்ளே இருப்பது ஃபோர் வீல் ஜீப்புக்கான பாதை. எங்கள் பழைய அல்ட்டோவோ கலகெதர ஏற்றத்திலேயே மூச்சு வாங்கும். போதாக்குறைக்கு, முன்பு ஆயிரக்கணக்கில் வந்த பூநாரைகள் அங்கே வெகுவாகக் குறைந்துவிட்டனவாம். மேலேயுள்ள வயல்களுக்குப் பாய்ச்சிய தண்ணீர் மலல, எம்பிலிகல களப்புகளில் வடிய, உப்பு குறைந்து, அவை தின்னும் நுண்ணுயிர்களும் குறைந்துபோயின. உப்புக் குறைந்தால் சாப்பாட்டை விட்டு எழும்புவது எங்கள் மாமனார் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அடுத்தது மன்னாரில் உள்ள வங்காலைச் சரணாலயம். 4,839 ஹெக்டேயர், 2010இல் நாட்டின் நான்காவது ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குள் ஊர் உண்டு, மாடு மேயும், மீனவர் போவர் வருவர். முக்கியமாக, டிக்கட் கிடையாது. அந்தக் கணமே நான் வங்காலையின் பரம ரசிகனானேன்.

2025 பெப்ரவரி, சுதந்திர தின விடுமுறைக்குப் புறப்பட்டோம். முன் சீட்டில் மாமி, பின்னால் மனைவியும் பிள்ளைகளும், அவர்கள் மடியில் சோற்றுப் பார்சல்கள். மாவத்தகம, குருநாகல், பாதெனிய, அனுராதபுரம் எல்லாம் ஒழுங்காகக் கடந்து மதவாச்சிச் சந்தியில் வழி தவறினோம். கைபேசியில் வரைபடம் இருந்தும் தவறினோம். ஊசிவால் வாத்துகள் வட ஆசியாவிலிருந்து ஒருவரையும் விசாரிக்காமல் ஆண்டுதோறும் மன்னாருக்கு வந்து சேருகின்றன என்று மகன் அப்போது பார்த்துத்தான் சொன்னான்.

சஃபாரி விதியையும் அவனே வாசித்தான். எழுந்து நிற்கும் மனிதனைக் கண்டால் பறவை பறந்துவிடும். நின்றிருக்கும் காரை அது பெரிதாக மதிக்காது. ஆகவே எஞ்சினை நிறுத்தி, கதவைத் திறக்காமல், பேசாமல் இருக்க வேண்டும். கடைசி நிபந்தனையைக் கேட்டு மனைவி மாமியைப் பார்த்தாள், மாமி மனைவியைப் பார்த்தார்.

மன்னார்த் தீவுக்குப் போகும் தாம்போதி ஏறக்குறைய 3 கிலோமீற்றர். இரு பக்கமும் ஆழமில்லாத தண்ணீர், தண்ணீரெல்லாம் பறவை. நடுவில் நான். நான் பார்த்தது பின்னால் ஹோர்ன் அடித்த பஸ்ஸை. இடப்பக்கம் தலையைத் திருப்பினால் கார் இடப்பக்கம் போனது. "ரோட்டைப் பாருங்க!" என்று நான்கு குரல்கள் ஒரே சுதியில் எழுந்தன.

"அங்க பாரு, தலையைத் தண்ணியில கவுத்துப் போட்டுச் சாப்பிடுது!" என்றார் மாமி. பூநாரையின் அலகு தலைகீழாக வைத்துத் தண்ணீரை வடிகட்டுவதற்கென்றே அமைந்தது, அதன் இளஞ்சிவப்பும் தின்னும் தீனியிலிருந்து வருவதுதான் என்று மகன் விளக்கினான். மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாப்பிள்ளையும் இத்தனை வருஷமா நல்லாத்தான் சாப்பிடுறார், ஒரு நிறமும் வரலியே."

ஒருவழியாகத் தாம்போதியைக் கடந்து ஓரமாக இடம் பார்த்து நிறுத்தினேன். எங்கள் காரின் ஹேண்ட் பிரேக் பெயரளவுக்குத்தான். கலகெதரையில் சில்லுக்குக் கல் வைத்துத்தான் நிறுத்துவோம். மன்னாரில் கல்லுக்கு எங்கே போவது? பிரேக்கில் காலை அழுத்தியபடி பைனாகுலரைக் கண்ணுக்கு உயர்த்தினேன். அதே நொடி, காற்று வாங்க மாமி கதவைத் திறந்தார். பூநாரைகள் மொத்தமாக எழும்பின. சிறகின் சிவப்பும் கறுப்பும் விரிய எங்கள் தலைக்கு மேலாகவே போயின என்று இறங்கி நின்ற நால்வரும் சொன்னார்கள். என் தலைக்கு மேல் இருந்தது கார்க் கூரை.

மன்னார் நகரில் என் குறை கொஞ்சம் தீர்ந்தது. பழங்காலத்தில் அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் கழுதைகள் அங்கே தெருவில் சுதந்திரமாகத் திரிகின்றன. அவற்றில் சில நடுரோட்டில் நின்றன. சாரதி ஆசனத்திலிருந்து நான் மிக அருகில், மிக நீண்ட நேரம் அவதானித்த ஒரே உயிரினம் அதுதான். அவையும் என்னை அவ்வாறே அவதானித்தன.

கற்ற பாடம் வீணாகவில்லை. அடுத்த மாதம், மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு, பயிரைத் தின்னும் குரங்கு, மயில் முதலியவற்றை நாடெங்கும் 5 நிமிடம் எண்ணச் சொன்னது அரசாங்கம். நான் முற்றத்தில் காருக்குள் ஏறி, கதவைச் சாத்தி, பேனையோடு அசையாமல் இருந்தேன். ஒரு குரங்கும் தென்படவில்லை. பூச்சியம் என்று எழுதினேன். அவ்வளவு நேரமும் ஏழெட்டுக் குரங்குகள் கார்க் கூரையில்தான் உட்கார்ந்திருந்தன என்று மனைவி பிறகு சொன்னாள்.

வங்காலைக்குப் போக விரும்பும் வாசகருக்கு என் தீர்ப்பு இது. நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் போங்கள், கரையோரமாக நின்று எஞ்சினை அணையுங்கள், ஓட்டுவதற்கு மச்சானைக் கூட்டிப் போங்கள். மச்சான் இல்லாதவர்களுக்குக் குருநாகல், மதவாச்சி வழியாகத் தலைமன்னாருக்குப் போகும் ரயில் பாதை இருக்கிறது. தலைமன்னார் வரையான பகுதி 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது. அதுவும் அந்தத் தண்ணீரைக் கடந்துதான் போகிறது. யன்னலோரச் சீட்டுப் பிடித்தால் போதும், ஸ்டியரிங் இல்லை.