உரலில் ரோசாச் செடி நடுவது எப்படி?

முதலில் உரல் வேண்டும். புதிதாகக் கடைந்தது உதவாது. விளிம்பு தேய்ந்து, நிறம் வெளுத்து, பத்து மாரியாவது மழையில் நனைந்திருக்க வேண்டும். அக்கரைப்பற்றுச் சாகாமம் வீதியில் போய், ஏதாவது ஓர் ஒழுங்கைக்குள் இறங்குங்கள். டைல்ஸ் பதித்த விறாந்தையும் இரும்புப் படலையும் உள்ள வீடாகப் பார்த்து உள்ளே போங்கள். ஓலை வீட்டுக்குப் போய்ப் பயனில்லை. அங்கே இன்னும் அதில் இடிக்கிறார்கள், தரமாட்டார்கள். டைல்ஸ் வீட்டின் கோடிப்பக்கத்தில், தண்ணி மோட்டருக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவில், நீங்கள் தேடிவந்தது நிற்கும்.

"பெத்தா, இந்த உரல் உங்களுக்குத் தேவையா?"

"கோழிக்குத் தண்ணி வைக்கிறன் மனே. வேணுமெண்டா கொண்டு போ."

இந்த இடத்தில் காசை எடுக்காதீர்கள். ஐயாயிரம் ரூபாயைக் காட்டினீர்களோ, பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுக்க உரல்கள் முளைக்கும், விலையும் முளைக்கும். ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலையும் போதும்.

உரலை முற்றத்தில் வைத்து, அடியில் துளை போட்டு, மண் நிரப்பி ரோசா நடுங்கள். உலக்கையை மட்டும் பக்கத்தில் சாத்திவைக்க வேண்டாம். கனடாவிலிருந்து வந்த மருமகள் அதை எடுத்து நாலு குத்துக் குத்திப் பார்த்தால், கைத்தறிச் சேலை கட்டிப் படமெடுக்கும் ஆசை அன்றோடு தீர்ந்துவிடும். இடியப்பத்துக்கு மா என்றால் அரிசியை ஊறவைத்து, வடித்து, எதிரெதிரே இரண்டு பெண்கள் நின்று மாறிமாறி இடித்து, அரித்து, தட்டில் நின்ற குருணியைத் திரும்ப உரலில் போட்டு இடித்து, அதற்குப் பிறகு வறுத்து எடுக்க வேண்டும். வீட்டில் எட்டுப் பேர் என்றால் கோழி கூவ முன்னமே உலக்கைச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை நினைத்து ஏங்கிக் கவிதை எழுதியவர்கள் எல்லாரும் அந்த நேரத்தில் பாயில் படுத்திருந்தவர்கள். அரைக்கும் மில் வந்த அன்று இந்த ஊரில் எந்தப் பெண்ணும் பழமை போகிறதே என்று அழுததாக நான் கேள்விப்படவில்லை.

உரலோடு பழமை முடிவதில்லை, வீடும் பழசாகத் தெரிய வேண்டும். ஆணாகப் பிறந்தவர்கள் இந்தப் பகுதியை மனைவியிடம் வாசிக்கக் கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் வீடு உங்களுடையதாக இருக்க வாய்ப்பில்லை. 1969இல் அக்கரைப்பற்றுக்கு ஆய்வு செய்ய வந்தார் அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே. பல தடவை திரும்பி வந்து 2008இல் ஒரு தடித்த புத்தகம் போட்டார். தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் இந்தக் கிழக்குக் கரையில் குடி தாய்வழியாக வருகிறது, வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது, மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து சேருகிறார் என்பதையெல்லாம் அதில் விரிவாக எழுதியிருக்கிறார். எங்களுக்கு அது புத்தகம் பார்த்துத் தெரிந்த விசயமில்லை. மூத்தவளுக்குக் கலியாணம் பேசினால், தாயும் தகப்பனும் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு அதே வளவுக்குள் ஒரு சின்னக் கொட்டிலுக்குப் போவார்கள். அடுத்தவளுக்கும் வீடு கட்ட வேண்டும். இரண்டு மூன்று பெண்பிள்ளைகள் பெற்ற தகப்பன், ஒருவரும் ஆலோசனை சொல்லாமலே எளிய வாழ்க்கைக்கு வந்து சேர்ந்துவிடுவார்.

ஆகவே, சீமெந்துச் சுவரை உடைத்து மண்சுவர் வைக்கலாம் என்ற யோசனையை முதலில் மாமியிடம் சொல்லிப் பாருங்கள். மகளின் சீதனவீட்டுக்குக் கல் வாங்க அவர் காப்பை அடகு வைத்திருப்பார். முஸ்லிம் வீடென்றால் உம்மாவிடம், ராத்தாவிடம், சாச்சியிடம் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டிவரும். வாப்பா ஓம் என்று சொல்லிவிட்டார் என்று மகிழாதீர்கள். அவருடைய ஓமுக்கு அங்கே பெறுமதியில்லை.

மாமி மசியாவிட்டால், வளவின் மூலையில் கிடுகு வேய்ந்த ஒரு வாடி போடலாம். வயற்காவலுக்கும் மீன்பிடிக்கும் போடும் அதே வாடிதான். அறுகம்பையில் அதற்குக் கபானா என்று பெயர், ஓர் இரவுக்கு வெள்ளைக்காரர் தரும் காசில் இங்கே ஒரு மூட்டை அரிசி வாங்கலாம். தென்னோலையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, நடுவே பிளந்து, பின்னி, காயவைத்து, அடுக்கி வேய வேண்டும். வேய்ந்த வருடம் அழகு. அடுத்த மாரியில் ஒழுகும். அதற்கடுத்த மாரிக்கு முன் பிரித்துப் புதிதாக வேயாவிட்டால், மட்டத்தேளும் கறையானும் உங்களுக்கு முன்னமே குடிவந்துவிடும். அறுகம்பை முதலாளிகளுக்கு இது தெரியும். கிடுகின் கீழே தகரம் போட்டிருப்பார்கள். நீங்களும் போடுங்கள், வெளியில் தெரியாமல்.

தளபாடம் பழசாகக் கிடைக்காவிட்டால் புதிதை வாங்கிப் பழசாக்குங்கள். தேயிலைச் சாயத்தை இரண்டு தடவை பூசி, மண்தாளால் மூலைகளைத் தேய்த்து, ஒரு மாதம் வெயிலில் போட்டால், போன வருடத்துக் கதிரை பெரியப்பாவின் கதிரையாகிவிடும். வண்டில் சில்லுக்கு வரலாறு அவசியம். "இந்த வண்டிலில்தான் எங்கள் போடியார் சூடடித்த நெல்லைக் கொண்டுவந்தார்" என்று சொல்லுங்கள். ஊரில் எல்லாருடைய பாட்டனாரும் இப்போது வயலுக்குச் சொந்தக்காரரான போடியார்தான். வயலில் நின்று உழைத்த முல்லைக்காரனுக்குப் பேரப்பிள்ளைகளே இல்லாமல் போய்விட்டது.

துணிமணிக்கு மருதமுனை. கைத்தறிச் சாரனும் சேலையும் அங்கே இன்னும் நெய்கிறார்கள். 1977இல் இலங்கை அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பிறகு வெளிநாட்டுத் துணி மலிவாகக் குவிந்து, நாடெங்கும் தறிகள் நின்றன. அந்த அடியைத் தாங்கி நின்ற ஊர்களில் மருதமுனையும் ஒன்று. அங்கே போய்க் கடைக்காரரிடம், "நூல் கொஞ்சம் ஏற்றத்தாழ்வாக, கையால் செய்தது தெரியிற மாதிரி இருக்கா காக்கா?" என்று கேட்டுவிடாதீர்கள். ஏற்றத்தாழ்வு இல்லாமல் நெய்யத்தான் அந்த நெசவாளர் ஆயுள் முழுக்கப் பழகினார்.

பன்பாய்க்கும் இதே கதை. பன்னை வெட்டி, காயவைத்து, சாயத்தில் அவித்து, குந்தியிருந்து இழைக்கும் பெண்ணின் முதுகுநோவு விலையில் சேருவதில்லை. பன் வளர்ந்த சதுப்பு நிலங்களை நிரப்பி வீடு கட்டுவதால் புல்லுக்கே இப்போது தூரம் போக வேண்டியிருக்கிறது. பாயைச் சுவரில் மாட்டுங்கள். அதில் படுத்தால் முதுகில் பதியும் அச்சு, பழமையின் அசல் முத்திரை.

பித்தளை பற்றி ஒரு வார்த்தை. வெற்றிலை வட்டா, படிக்கம், கால்வைத்த செம்பு எல்லாம் அருமையாகத்தான் கிடைக்கும். அதற்குக் காரணம் இருக்கிறது. 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளி கூரைகளைக் கொண்டுபோனது. பிறகு சண்டை, தமிழரும் முஸ்லிம்களும் மாறிமாறி வீட்டைப் பூட்டாமலே ஓடிய வருடங்கள். 2004 டிசம்பர் 26 கடல் சுனாமியாக வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் போனார்கள், சாமானை யார் கணக்கெடுத்தது? எஞ்சியதைப் பழைய இரும்புக்காரர் ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கர வண்டியில் வந்து, பிளாஸ்டிக் பேசினுக்கு மாற்றிக்கொண்டு போனார். எனவே ஒரு வீட்டில் பழைய வட்டாவைக் கண்டால், எத்தனை வருடம் பழசு என்று கேட்க வேண்டாம். எப்படித் தப்பியது என்று கேளுங்கள். பிறகு விலை பேச மனம் வராது, காசும் மிச்சம்.

இனி இயற்கை. பழைய பானைகளை மழைநீர் நிரம்ப முற்றத்தில் வரிசையாக வைத்தால் தாமரை பூக்கும், தட்டான் வரும், அவற்றுக்குப் பின்னால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பீஎச்ஐ வருவார். நாட்டில் 1 லட்சத்து 86 ஆயிரத்துக்கு மேல் டெங்கு நோயாளர் பதிவான 2017ஆம் ஆண்டை அவர் இன்னும் மறக்கவில்லை. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தில் அழகியலுக்கு விலக்கு இல்லை. இது மூதாதையர் பானை என்று வாதாடினால், குடம்பியும் மூதாதையருடையதா என்று கேட்பார்.

நெல்லை வைக்கோல் பட்டறையில் கட்டிவைக்கும் பழைய முறையும் அழகுதான். காட்டோரமாக வளவு வாங்கியவர்கள் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். யானைக்கு நெல் மணம் வெகுதூரம் தெரியும், அது படலையைத் தட்டிக் கூப்பிடாது. வனஜீவராசிகள் திணைக்களத்தில் யானைவெடி கொடுப்பார்கள், வாங்கி வையுங்கள். இயற்கையோடு இணைந்து வாழ்வது பற்றி யானையிடம் யாரும் இன்னும் பேசிப் பார்க்கவில்லை.

உணவில் எளிமை வேண்டுவோர் பச்சைப்பெருமாள், சீனட்டி என்று பழைய நெல்லைத் தேடுங்கள், உரம் போடாமல் விளைந்ததாக. இந்த மாவட்டத்து விவசாயிக்கு அதில் முன்னனுபவம் உண்டு. 2021 மே மாதம் ஒரு வர்த்தமானி வந்து இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, ஒரே நாளில் முழு நாட்டையும் இயற்கை விவசாயத்துக்கு மாற்றியது. இலங்கையின் நெற்களஞ்சியங்களில் ஒன்றான அம்பாறையில் வேளாண்மை மஞ்சளித்து நின்றது, விவசாயிகள் தெருவில் நின்றார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். இங்கே ஒருவரிடம் போய் "சேதனப் பசளை" என்று சொல்வதென்றால், கொஞ்சம் எட்ட நின்று சொல்லுங்கள்.

சமையலுக்கும் வெளிச்சத்துக்கும் தனிப் பயிற்சி தேவையில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அரசாங்கமே இலவசமாக நடத்தியது. எரிவாயுச் சிலிண்டர் வரிசையில் பழியாய்க் கிடந்துவிட்டு, வெறுங்கையோடு வந்து மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினோம். மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. பரணில் கிடந்த அரிக்கன் லாம்பை இறக்கித் துடைத்தால், ஊற்ற மண்ணெண்ணெய் இல்லை. வண்டி ஓடப் பெற்றோல் இல்லாமல், பாட்டனார் காலத்துச் சைக்கிளுக்கு டயர் தேடி அலைந்தோம். விறகு, விளக்கு, நடை, சைக்கிள்: இந்த வழிகாட்டி சொல்வது அத்தனையும் அந்த நாட்களில் எங்களிடம் இருந்தது. புகையில் கண் கலங்கி ஊதுகுழல் ஊதிய எந்தப் பெண்ணும் அதைப் படமெடுத்துப் போடவில்லை. போனில் சார்ஜ் இல்லாததும் ஒரு காரணம்.

எளிமைக்கு ஒரு திருகி வேண்டும், வேண்டாதபோது மூடக்கூடியதாக. அதனால் சமையலறையில் மண் அடுப்பைப் பார்வைக்குக் கட்டி, பின்னறையில் எரிவாயு அடுப்பை வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் இரண்டு வாங்குங்கள்.

கடைசியாக, செடி நட மண் கொத்தும்போது பழைய செங்கல்லோ செதுக்கிய கருங்கல்லோ மண்வெட்டியில் தட்டுப்பட்டால் என்ன செய்வது? மற்ற ஊரில் என்றால் அதுதான் உங்கள் சேகரிப்பின் மகுடம். இங்கே பதற்றம் வேறு. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, மண்ணுக்கடியில் கண்டுபிடிக்கப்படாமல் கிடக்கும் தொல்பொருள் எல்லாம் அரசின் சொத்து. அது பொதுவான சட்டம், குறை சொல்ல முடியாது. ஆனால் 2020 ஜூனில் கிழக்கு மாகாணத்துக்கென்றே, பாதுகாப்புச் செயலாளரைத் தலைவராக வைத்து ஒரு தொல்பொருள் செயலணி அமைத்தார்கள். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கு நியமித்த அந்த முதல் பட்டியலில் ஒரு தமிழர் இல்லை, ஒரு முஸ்லிம் இல்லை. அதன் பிறகு இங்கே வளவில் பழைய கல் கிடைத்தவனுக்கு, கல்லைவிடக் காணி உறுதியின் நினைவுதான் முதலில் வருகிறது.

தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டியது உங்கள் கடமை. உறுதியைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அறிவியுங்கள். அதுவரை, தேயிலைச் சாயம் பூசிய கதிரையில் இருத்தி நீங்கள் பால்தேத்தண்ணி கொடுக்கும் விருந்தாளி "இதென்ன கல், நல்ல பழசு மாதிரி இருக்கே?" என்று கேட்டால், போன கிழமை சூளையிலிருந்து இறக்கியது என்று சொல்லுங்கள்.