சிக்கலைச் சொன்னால் ஆள் வருவார்

கேள்வி: பழவேற்காடு மீனவர்களுக்காக ஒரு தரவு அறிவியலாளரைத் தேடுகிறோம். திறமைசாலிகள் வர விளம்பரத்தை எப்படி எழுதுவது?
– வாசகர், பொன்னேரி

பதில்: பழவேற்காட்டு ஏரியின் மீன்பிடி இடங்களை மீனவர்கள் முறைவைத்துப் பகிரும் 'பாடு' முறையில் எந்த இடம், எந்த வலை, யார் முறை என்பதெல்லாம் ஏரியில் இறங்கும் முன்பே தெளிவு. விளம்பரமும் அப்படி இருக்கட்டும். பத்து மென்பொருள்களை அடுக்கினால் பட்டியலை மனப்பாடம் செய்தவர் வருவார். சிக்கலைச் சொன்னால் தீர்ப்பவர் வருவார். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம், செயற்கைக்கோள் காட்டும் கடல் வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்து மீன் கூடுமிடத்தைக் கணிக்கிறது. அதுபோல நீங்களும், 'முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் ஏரியின் உப்பும் இறால் வரத்தும் எப்படி மாறும் எனக் கணிக்க வேண்டும்' என்று எழுதுங்கள். கையிலுள்ள தரவு எது, படகேற வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள். சம்பளத்தை மறைக்காதீர்கள், 'தகுதிக்கேற்ப' என்பதை நம்பி எந்த நல்ல ஆளும் இருக்கிற வேலையை விடமாட்டார்.