சவப்பெட்டியோடு வந்த தொரைசானி

1875இல் சார்ல்ஸ் ஹே கமரன் தொரையும் அவர் மனைவி ஜூலியா மார்கரெட்டும் இலங்கைக்குக் கப்பலேறியபோது ஆளுக்கொரு சவப்பெட்டியும் கூடவே வந்ததாகக் கதை. இந்தச் சீமையில் நல்ல பெட்டி கிடைக்குமோ என்னவோ என்ற முன்யோசனை! வெறும் பெட்டி வருவானேன் என்று உள்ளே பீங்கானும் கண்ணாடிச் சாமானும் அடுக்கினார்களாம். தொரைக்கு 80 வயது, அம்மாவுக்கு 60. தோட்ட வேலைக்கென்று மன்னாரில் இறங்கிக் காட்டுவழி நடந்து வந்த நம்ம தமிழ்ச் சனத்தில் பலர் பாதையோரமே விழுந்து போனார்கள். அவர்களுக்குப் பெட்டி யார் தந்தது?

தொரை லேசுப்பட்டவர் அல்ல. இலங்கை ஆட்சியை விசாரிக்க வந்த கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவின் பாதி அவர். கூலியில்லாமல் வேலை வாங்கும் இராஜகாரியம் 1830களில் ஒழிந்ததற்கு அந்தக் குழுதான் வழி செய்தது. இலங்கை மக்களைக் கட்டாய வேலையிலிருந்து மீட்ட புண்ணியவான் பிறகு என்ன செய்தார்? இலங்கை மலைநாட்டில் கோப்பித் தோட்டம் வாங்கினார்.

தோட்டத்து மீட்பு வேறு மாதிரி. ஊரிலிருந்து கிளம்பும்போதே ஆள் சேர்க்கும் கங்காணி தந்த முற்பணம் கடனாக ஏறிவிடும். வேறு தோட்டம் போக வேண்டுமா? கடன் இவ்வளவு என்று ஒரு துண்டு எழுதித் தருவார்கள். புதுத் தொரை அதைக் கட்டி ஆளை மீட்பார். மீட்ட கையோடு அதே தொகையைத் தன் பேரேட்டில் எழுதிக்கொள்வார்.

இந்தச் சனத்தின் ஆத்துமாவுக்காகவும் தொரைமார் கவலைப்பட்டார்கள். 1854இல் அவர்களுடைய சந்தாப் பணத்தில் தமிழ்க் கூலி மிஷன் எழுந்தது. உபதேசியார் லயத்து வாசலில் நின்று, “உங்கள் கடனையெல்லாம் இயேசு சிலுவையில் கட்டித் தீர்த்தார்” என்றிருப்பார். வாயில் வெற்றிலையோடு கேட்டிருந்த கிழவர், “நல்லதுங்க. அவரு எந்தத் தோட்டத்துப் பேரேட்டுல எங்களை எழுதிக்கிட்டாரு?” என்று கேட்டிருப்பார். பேரேடே இல்லாத மீட்பர் ஒருவர் இருக்கிறார் என்பதை அந்த மலையில் யார்தான் நம்புவார்கள்?

தொரைசானி படம் பிடிப்பதில் உலகப் புகழ் பெற்றவர். டார்வினையே உட்காரவைத்தவர். வீட்டு வேலைக்காரி மேரி ஹில்லியர் அவருடைய கமராவுக்கு முன்னால் தேவமாதாவானார். 1864இல் இயேசுவின் உவமையில் வரும், எண்ணெய் வைத்திருந்த ஐந்து புத்தியுள்ள கன்னிகைகளையும், இல்லாமல் முழித்த ஐந்து பேரையும் தனித்தனிப் படமாக எடுத்தார். இங்கே வந்தும் படம் எடுத்தார். ஆனால் களுத்துறையில் அவர் முன் நின்றவர்களுக்குப் பெயர்கூட எழுதவில்லை, ‘குடியானவர் கூட்டம்’ என்றுதான் எழுதினார்.

நியாயத்தீர்ப்பு வானத்திலிருந்து வரும் என்று பார்த்திருந்தார்கள். தோட்டத்தில் அது கோப்பி இலைக்கு அடியில் வந்தது. 1869இல் கண்ட துரு நோய் கோப்பியை மொத்தமாகச் சாய்த்தது. பூஞ்சைக்கு ஏது முகதாட்சண்யம்? ஆனால் தொரைக்கு நட்டம் வந்தால் கூலிக்காரனுக்குச் சம்பள பாக்கி. தீர்ப்பு ஒருவனுக்கு, தண்டனை இன்னொருவனுக்கு.

தொரைசானி 1879 ஜனவரியிலும் தொரை மறு வருடமும் போய்ச் சேர்ந்தார்கள். இருவரும் பொகவந்தலாவை புனித மரியாள் கோயில் கல்லறையில் கிடக்கிறார்கள். கடவுள் அன்பானவர், இருவரையும் சேர்த்துக்கொண்டிருப்பார். அதில் நமக்கு ஆட்சேபனை இல்லை.

ஆனால் மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் ஒரு ஊழியக்காரன் வருகிறான். ராஜா அவனுடைய பதினாயிரம் தாலந்துக் கடனைத் தள்ளிவிட்டார். அவனோ நூறு வெள்ளிக்காசுக்குக் கூட்டாளியின் கழுத்தைப் பிடித்தான். ஞாயிறுதோறும் கோயிலில் உட்கார்ந்த தொரைமாருக்கு இந்தக் கதை தெரியாதா? துண்டு முறை ஒழிந்தது 1921இல். மிஷன் தொடங்கி 67 வருடம். அதையும் ஒழித்தது வேதமல்ல, சட்டம்.